மூடிவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்

திங்கட்கிழமை காலை கைப்பையை மேசையில் வைப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எடுத்தால் கணக்குப் பிரிவுக்காரர். அவர் சாதாரணமாகப் பேசினாலே மாடிக்குக் கேட்கும்.

"ஏம்மா, ஒரு பில்லுகூட மெயில்ல போகல. என்னதான் பண்ணி வச்சிருக்கீங்க?"

"போகும் சார். கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்துதான் தலை நரைச்சுப் போச்சு."

அவர் போனை வைத்தால் மருந்துக்கடை. மருந்துக்கடையை வைத்தால் ஸ்கேன் அறை. மற்ற நாட்களில் நான் இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேனா இல்லையா என்றே ஒருத்தருக்கும் தெரியாது. மெயில் நின்றால் மட்டும் ஊரே என் பெயரைச் சொல்லும். அதுவும் என் பெயர் இல்லை. கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பேன் என்பதால் எனக்கு இங்கே பட்டாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். இங்கே மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஆனால் அன்று எனக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. கீழே ஹாலில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இது குழந்தைக்காக வருகிறவர்களின் ஆஸ்பத்திரி. அக்காவை இங்கே இழுத்து வந்ததே நான்தான். எத்தனையோ ஊசி, எத்தனையோ மயக்கம், எத்தனையோ முறை "இந்தத் தடவையும் நிக்கல" என்ற போன். கடைசியில் மூன்று கருக்கள் மிஞ்சின. அவற்றை உறைய வைத்து, மேலே லேபில் திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். இனிமேல் கருமுட்டை எடுக்க அக்காவின் உடம்பு இடம் கொடுக்காது என்று பெரிய டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். அந்த மூன்றும்தான் எல்லாம். அன்று மதியம் அவற்றை எடுத்து அவள் வயிற்றில் வைக்க நாள் குறித்திருந்தார்கள்.

காலையில் நானும் மாமாவும் கூட்டி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். இறங்கும்போது மட்டும், "நீ இன்னிக்கு யார்கிட்டயும் சண்டை போடாதடி. எனக்காக," என்றாள். சரி என்று தலையாட்டியிருந்தேன். அதனால்தான் கணக்குப் பிரிவுக்காரர் அன்று தப்பித்தார்.

மெயில் ஏன் நின்றது என்று கேட்டால், நாங்கள்தான் நிறுத்தினோம். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் சர்வர் ஒரு வெள்ளந்தி. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் எந்த மெஷின் வந்து ஒரு மெயிலை நீட்டி, இதை வெளியே இன்னாருக்கு அனுப்பு என்று சொன்னாலும், நீ யார், எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்காது. வாங்கி அனுப்பிவிடும். எங்கள் தொழிலில் இதற்கு ரிலே என்று பெயர். போன வாரம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, இந்த வெள்ளந்தியின் கையில் குப்பை மெயிலாகக் கொடுத்துத் தள்ளியது. அதுவும் விசுவாசமாக உலகத்துக்கெல்லாம் அனுப்பி வைத்தது. எங்கள் முகவரியைப் பார்த்தாலே வெளியில் இருக்கிறவர்கள் கதவைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ப்போம்'. எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்பார். கல்யாண மேடையில் தாலி கட்டும்போதும் பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அவர் வெள்ளிக்கிழமை மட்டும் அதிசயமாக உடனே முடிவெடுத்தார்.

"ரிலேவை மூடிடு. பேரும் பாஸ்வேர்டும் குடுக்கறவங்க மட்டும் அனுப்பட்டும்."

"சார், மெஷினுங்களுக்கு ஏது பாஸ்வேர்டு? அதுங்க ஒவ்வொண்ணுக்கும் நாமதான் தனியா அனுமதி குடுக்கணும். எதெது இதை நம்பி இருக்குன்னு நமக்கே தெரியாது. முதல்ல தேடிப் பார்த்துட்டு…"

"அதெல்லாம் தேடிக்கிட்டு இருந்தா விடிஞ்சிடும். மூடு. யாரு கத்தறாங்கன்னு பாரு. கத்தறவங்களுக்குத் திறந்து விடு."

இது அவர் கண்டுபிடித்த வழி இல்லை. எங்கள் தொழிலில் இதுதான் நடைமுறை. பழைய சர்வரை எடுத்துப் போடுவதா, யாரும் உபயோகிக்காத லைனைப் பிடுங்குவதா, பிடுங்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தேவைப்படுகிறவர் காது கிழியக் கத்துவார். கத்தாதவருக்குத் தேவையில்லை என்று அர்த்தம். நானே பலமுறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூட தப்பாகப் போனதில்லை. அதனால் முணுமுணுத்துக்கொண்டே மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை அக்கா வீட்டில் இருந்தேன். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாமாதான் கூப்பிட்டிருந்தார். சாப்பிட உட்காரும்போது என் போனில் சர்வரின் சுருக்கம் வந்தது. எந்தெந்த மெஷின் வந்து தட்டியது, எத்தனை முறை அனுமதி மறுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். எல்லாம் ஒன்றிரண்டு முறை தட்டிவிட்டுப் போயிருந்தன. ஒரே ஒரு மெஷினின் முகவரி மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. மறுத்தால் திரும்ப வரும். மறுத்தால் திரும்ப வரும். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிசப்ஷன் வைரஸ் வேறொரு மெஷினுக்குப் பரவிவிட்டது என்றே நினைத்தேன். இப்படி வெறி பிடித்ததுபோல் அனுப்புவது வைரஸ்தான். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் பாடம்.

"என்னடி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அக்கா.

"எங்கயோ ஒரு மெஷின் பைத்தியம் பிடிச்ச மாதிரி கத்திக்கிட்டே இருக்குக்கா."

"அதோட வாயை மூடிட்டு வா. சோறு ஆறுது."

நான் அந்த முகவரியை அடியோடு தடுத்தேன். இனி அது சர்வரின் வாசலுக்கே வர முடியாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அக்கா அன்று என்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். வயிற்றைத் தடவிக்கொண்டு, "இப்பவே பழகிக்கணும்ல," என்று சிரித்தாள்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். கத்தினவர்களுக்கெல்லாம் வரிசையாகத் திறந்து விட்டேன். கணக்குப் பிரிவு சரியானது. மருந்துக்கடை சரியானது. ஸ்கேன் அறையில் படம் அனுப்பும் மெஷினின் முகவரி அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. நானே போய் அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்து வந்தேன். வருகைப் பதிவு மெஷினுக்காக வாசல் காவலாளி வந்து நின்றார். "லேட்டா வந்தவங்க லிஸ்ட் மேலிடத்துக்குப் போகலையாம்மா," என்றார். அதை மட்டும் சரி செய்யாதே என்று எங்கள் மொத்த அறையும் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன்கள் ஓய்ந்தன. மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"பார்த்தியா? அவ்ளோதான். இனி யாரும் கத்தல."

"ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு சார். சனிக்கிழமை நான் தடுத்தது. அந்த வைரஸ் மெஷின் எங்க இருக்குன்னு பிடிக்கணும்."

"அதை யாரும் கேக்கலையே? விடு, அப்புறம் பார்ப்போம்."

விட்டிருப்பேன். அக்காவைக் கூப்பிடும் வரை கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை என்பதுதான் உண்மை. சனிக்கிழமை நான் சுருக்கத்தைத்தான் பார்த்தேன். இப்போது பெரிய திரையில் சர்வரின் முழுப் பதிவையும் திறந்தேன். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு நீள வரி. அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் தொழிற்சாலையில் போட்ட ஏதோ எண்கள், எழுத்துகள். ஒன்றும் புரியவில்லை. ரிலே அனுமதி இல்லை. ரிலே அனுமதி இல்லை. கீழே கீழே அதே வரி. வரியின் கடைசியில், யாருக்குப் போக வேண்டிய மெயில் என்பது இருந்தது.

குப்பை மெயில் ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் போகும். இது ஒரே ஆளுக்குப் போக முயன்றிருந்தது. அந்த முகவரி எனக்குத் தெரியும். மேலே கருக்களைப் பார்த்துக்கொள்ளும் லேப் டாக்டரின் சொந்த மெயில் முகவரி. ராத்திரியிலும் கையில் இருக்கட்டும் என்று அவர் போனில் அதைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரிக்குள்ளேயே போகும் மெயிலுக்கு ரிலே தேவையில்லை. இது வெளி முகவரி என்பதால் சர்வர் மறுத்திருக்கிறது.

லேப் டாக்டருக்கு நிற்காமல் மெயில் அனுப்பும் மெஷின் எது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினேன். ஒரு செருப்பு கழன்றது எங்கே என்று இன்றுவரை தெரியாது.

லேபுக்குள் நாங்கள் யாரும் போகக் கூடாது. கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். தொப்பியும் முகமூடியுமாக லேப் டாக்டர் வந்தார்.

"என்னம்மா, கதவை உடைச்சிடுவீங்க போல? உங்க அக்காவோடதைத்தான் எடுக்கப் போறேன். எல்லாம் ரெடி."

"டாக்டர், டேங்க்ல ஏதாவது பிரச்சினைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெயில் வரும். போன்லயே வந்துடும்."

"இப்ப வந்துச்சா?"

"இல்லையே. ஒண்ணும் வரல. வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே?"

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, அவர் திரும்பி உள்ளே நடந்தார். சட்டம் எல்லாம் மறந்து நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளறையில் இடுப்பு உயரத்துக்கு மூன்று தொட்டிகள். மூன்றாவது தொட்டிக்கு மேலே சுவரில், அதன் குளிரைக் கண்காணித்து மெயில் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி. திறந்து கிடந்த கதவு அதை மறைத்துக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினால், பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அலறுகிறது என்று சத்தத்தை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார்கள். அதுதான் மெயில் வருகிறதே, சத்தம் எதற்கு?

லேப் டாக்டர் மூடியைத் தூக்கினார். அந்தத் தொட்டியைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி வழிந்து தரைவரைக்கும் இறங்கும். விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் காட்டுவார்கள். ஒன்றும் வரவில்லை. அளவுக் குச்சியை உள்ளே விட்டார். அது டங்கென்று அடியில் முட்டியது. வெளியே எடுத்தால் காய்ந்த குச்சி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையைத் தொட்டிக்குள் விட்டார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தக் குளிருக்குள் யாரும் வெறும் கையை விட மாட்டார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"சனிக்கிழமை காலையிலேர்ந்து கத்தியிருக்கு டாக்டர்."

"சனிக்கிழமை வந்திருந்தா நான் ஓடி வந்திருப்பேனே. ரெண்டாவது டேங்குக்கு மாத்தியிருப்பேனே. எனக்கு வீடு பக்கத்துலதானே."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட தாங்கியிருப்பேன். தொட்டியின் உள்சுவர் எங்கோ விரிசல் விட்டு நைட்ரஜன் ஆவியாகியிருக்கிறது என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. இந்தத் தொட்டியில் இன்னும் யார் யாருடையது எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் விழுந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அக்காவோடது இதுலதானா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"மூணுமா? ஏதாவது ஒண்ணு?"

"எதுவும் மிஞ்சியிருக்காதும்மா. ஒண்ணுகூட."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நான் போனை எடுத்து, அந்த முகவரிக்குப் போட்ட தடையை நீக்கினேன். ரிலே அனுமதியும் கொடுத்தேன். கை பழகிய வேலை, அதுவாகச் செய்தது. அடுத்த நொடி லேப் டாக்டரின் அங்கிப் பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மூன்றாவது தொட்டி, அபாயம், உடனே கவனிக்கவும். அதைப் படித்துவிட்டு அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன் மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது. இப்போது எல்லாம் சரியாக வேலை செய்தது.

யார் சொன்னார்களோ, மேனேஜர் வந்தார். பின்னாலேயே நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர். கதவைச் சாத்தினார்கள்.

"இப்போதைக்கு யாரும் வெளிய எதுவும் பேச வேண்டாம்," என்றார் மேனேஜர். "வக்கீல்கிட்ட கேட்டுட்டு, பெரிய டாக்டர் வந்தப்புறம், என்ன சொல்றதுன்னு பார்ப்போம்."

"என்னத்த சார் பார்ப்பீங்க?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "உள்ள எட்டிப் பாருங்க, வாங்க. பார்க்கறதுக்கு என்ன இருக்கு அங்க? கத்தறவங்களுக்குத் திறந்து விடுன்னு சொன்னீங்களே, இதுதான் சார் எல்லாத்தையும்விட ஜாஸ்தியாக் கத்துச்சு. ரெண்டு நாளா தொண்டை கிழியக் கத்துச்சு. நான் அது வாயை அடைச்சேன். என் கையால அடைச்சேன்!"

"கொஞ்சம் அமைதியா…"

"போங்க சார்!"

யாரும் என்னைத் தடுக்கவில்லை. படியில் இறங்கும்போது அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒரு சின்னச் சிக்கல் என்று ஆரம்பிக்கலாமா? மெஷின் கோளாறு என்று சொல்லலாமா? மாமாவை முதலில் தனியாகக் கூப்பிடலாமா? அவர் வண்டியை நிழலுக்கு மாற்றப் போயிருந்தார். எந்த வார்த்தையை எடுத்தாலும் என் வாய்க்குள்ளேயே அழுகிப் போனது. ஊரையே வாயால் அடிக்கிறவள் நான். சொந்த அக்காவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

அவளை ஹாலிலிருந்து உள்ளே மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியில், கட்டிலில் காலை ஒடுக்கிக்கொண்டு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில்கள். கருவை வைக்கும்போது ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்காக நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அது முடியும்வரை சிறுநீர் கழிக்கவே கூடாது.

என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கடி போன? எப்ப கூப்பிடுவாங்களாம்? முட்டிக்கிட்டு நிக்குது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சிடாத, இங்கயே போயிடும்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி கை இப்படி சில்லுன்னு இருக்கு? செருப்பு எங்க ஒண்ணைக் காணோம்? சண்டை போட்டியா? போடாதன்னு சொன்னேன்ல?"

"அக்கா," என்றேன். "நீ போய் பாத்ரூம் போயிட்டு வா."

"அய்யோ, போகக் கூடாதுடி. நர்ஸ் கொன்னுடுவாங்க."

"பரவால்லக்கா. போகலாம். போயிட்டு வா."

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. கண் மட்டும் என் முகத்தில் எதையோ தேடியது. நான் குனிந்துகொண்டேன். என் கைக்குள் இருந்த அவள் விரல்கள் மெல்ல இறுகின. வலிக்கும் அளவுக்கு இறுகின. வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இல்லடி," என்றாள். குரல் எழும்பவே இல்லை. தொடைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு, அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "நான் அடக்கிக்கிறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. இன்னும் எவ்வளவு நேரம் ஆனாலும் அடக்கிக்கிறேன். நீ போய் அவங்கள வரச் சொல்லு."